முதல் குரலுக்கு முன் வரும் குரல்

என் மகனுக்கு,

நீ கழகத்தின் தலைவரான செய்தியோடு ஒரு பெட்டி தொதலும் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாயே, அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டது நடிப்பில்லை. உன் தலையில் கை வைத்தேன், ஒரு துண்டு வாயில் போட்டேன், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பிறகு ஒன்று சொல்ல வாயெடுத்தேன். உன் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு வந்தாய், மறுபடியும் வாயெடுத்தேன், மறுபடியும் அடித்தது. தலைவர் என்றால் அப்படித்தான் போல. அதனால் எழுதுகிறேன். இதை வாட்சப்பில் அனுப்பினால் நீ முதல் இரண்டு வரியை வாசித்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய், காரியம் முடிந்துவிடும். ஆகவே தாளில், பேனையால், பழைய டீச்சரின் கையெழுத்தில் எழுதுகிறேன். இன்னொன்று. இது உனக்கு எழுதியதுதான், ஆனால் உனக்கு மட்டும் எழுதியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் கழகத்தார் எல்லோரும் கூடியிருக்கும்போது எழுந்து நின்று இதை வாசி. வீட்டுச் சங்கதிகளும் நடுவில் வரும், கூச்சப்படாதே.

கழகத்தைப் பற்றித் தெரியாத விருந்தாளி யாராவது அங்கே இருந்தால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, கையில் அடங்குகிற வானொலிச் செட்டை வைத்துக்கொண்டு, வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் காற்றில் பேசிக்கொள்கிற பொழுதுபோக்கு இது. வேலை வெட்டி இல்லாதவர்களின் விளையாட்டு என்று உன் அப்பா சொல்வார். சொல்லிவிட்டு அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பார். ஹந்தானை மலையில் கழகம் ஒரு பெட்டியை வைத்திருக்கிறது. சின்னச் செட்டுகளின் குரலை அது பிடித்து மலைகளுக்கு அப்பால் எறியும். அது இருப்பதால்தான் ஹேவாஹெட்டவில் இருப்பவரும் கட்டுகஸ்தோட்டையில் இருப்பவரும் பேச முடிகிறது. அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. யாராவது தன் செட்டின் பொத்தானை அமுக்கி, ஒரு வார்த்தையும் பேசாமல் விட்டாலும், 'டக்' என்று ஒரு சத்தமும் அதன் பின்னால் கொஞ்சம் இரைச்சலும் எல்லோருடைய செட்டிலும் கேட்கும். அமுக்கியது யார் என்று தெரியாது. யாரோ ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். இதைக் கேட்பவர்கள் இந்தச் சின்ன விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் 'முதல் குரல்' முறை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியுமா? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு முன்னால் கம்பளைப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் சேர்ந்தார். தையல் கடை வைத்திருந்தவர், சரியான கூச்ச சுபாவம். அவர் முதன்முதலாகச் செட்டில் வந்து தன் பெயரைச் சொன்னதும், நம்மவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கிவிட்டார்கள். காற்றில் இரண்டு பேர் சேர்ந்து பேசினாலே ஒருவருடையதும் விளங்காது. பத்துப் பேர் பேசினால் கேட்கவா வேண்டும். அந்த மனிதர் பயந்து செட்டை அணைத்தவர், பிறகு திறக்கவே இல்லை. அப்போது தலைவராக இருந்தவர், நாங்கள் பெரிய சேர் என்று கூப்பிடுகிற, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனம் நொந்துபோய் ஒரு முறையைக் கொண்டுவந்தார். புதிதாகச் சேருகிறவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிக்கப்படும். அன்று அவர் கூப்பிடுவார். தலைவர் மட்டும் பதில் சொல்வார். மற்றவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து கை கொடுப்பதுபோல் வணக்கம் சொல்வார்கள்.

அந்த முறைப்படி வரவேற்கப்பட்ட முதல் ஆள் நான். அன்று காலையில் குளித்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு, யார் பார்க்கப் போகிறார்கள் என்றுகூட நினைக்காமல் பூ வைத்துக்கொண்டு செட்டின் முன்னால் உட்கார்ந்தேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "வாங்க டீச்சர். உங்க குரல் நல்லா, தெளிவா வருது. இனி இது உங்க வீடுதானே" என்றார் பெரிய சேர். அதற்குப் பிறகு ஒவ்வொரு மலையிலிருந்தும் ஒவ்வொரு குரல். நான் அழுதேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் வேலை எடுத்து, டவுனுக்கு வந்த பிறகும் ஓர் இடத்துக்குள் நுழையும்போது யாரும் எனக்காக அமைதியாக இருந்ததில்லை. ஆகவே இந்த முறையை நான் வெறுக்கிறவள் இல்லை. இதை நீ முதலில் நம்ப வேண்டும். நம்பாவிட்டால் மிச்சத்தையெல்லாம் ஒரு கிழவியின் பழைய கோபம் என்று மடித்து வைத்துவிடுவாய்.

பிறகு என்ன நடந்தது என்றால், நல்ல முறைகளுக்கு எல்லாம் நடப்பதுதான். எதற்காக வந்தது என்பதை மறந்தோம், எப்படிச் செய்வது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம். குறித்த ஞாயிறு வரும்வரை புது ஆளுக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது என்று ஆனது. அவர் தெரியாமல் கூப்பிட்டுவிட்டால் எல்லோரும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். தலைவர் நேரம் பார்த்து, 'உங்கள் நாள் வரும்' என்று ஆள் அனுப்புவார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒருவர் முந்திக்கொண்டு பேசினால் அந்தப் புது ஆளின் பெரிய நாளைத் திருடிவிட்டதாக எண்ணினோம். மரியாதை கொடுக்கிறோம் என்றுதான் ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

உன் கல்யாணத்தை நினைத்துப் பார். துஷாவை நம் வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, முன் அறையில் ஒரு கதிரையில் உட்கார வைத்திருந்தீர்கள். மாமியார் வந்து முதல் வார்த்தை பேசட்டும் என்று உன் சித்திமார், அத்தைமார் எல்லோரும் சிரித்த முகத்தோடு சுற்றி நின்றார்கள். மாமியாராகிய நானோ அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு அது ஒன்றும் தெரியாது, நீ வாசலில் சிநேகிதர்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாய். பிள்ளை பிறந்த பிறகுதான் அவள் என்னிடம் சொன்னாள். "மாமி, அண்டைக்கு எல்லாரும் என்னையே பாத்துக்கொண்டு நிண்டவை. ஒருத்தரும் ஒரு கதை கதைக்கேல்லை. நான் என்னவோ பிழை செய்துபோட்டன் எண்டுதான் நினைச்சன். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போற பஸ் எத்தினை மணிக்கு எண்டு மனசுக்குள்ள யோசிச்சுக்கொண்டிருந்தனான்." நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு எனக்கு ஜோசப்பின் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அன்று நான் சாப்பிடவில்லை.

ஜோசப் யார் என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பில் இருந்தாய். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்த பையன். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பூசைக்குப் போகிற வேதக்காரக் குடும்பம், தாயும் அவனும் மட்டும்தான். பரீட்சையில் பாஸ் பண்ணி, செட்டும் வாங்கி, முதல் குரல் நாளுக்குக் காத்திருந்தான். அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. ஒரு நாள் பின்னேரம், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து உனக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது செட்டில் அவன் குரல். பதறாமல், படித்த பிள்ளை மாதிரி, முறைப்படி தன் அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டான். "வீட்டுக்குப் பின்னால மலையில சத்தம் கேக்குது. மண்ணு கரைஞ்சு வருது. ஆபீஸ் போனு வேலை செய்யல. கீழ் ரோட்டால இறங்கலாமா, இல்ல மேல ஸ்டோர் பக்கம் போகவா? யாராவது ரோட்டப் பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க." தேயிலை ஸ்டோரைத்தான் சொன்னான். கீழ் ரோடு அன்று காலையிலேயே அறுந்துபோனதை எங்களில் பாதிப் பேர் அறிவோம்.

பதில் இல்லை. 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் இரைச்சல். இன்னொரு 'டக்'. யார் யாரோ பொத்தானை அமுக்கி, பேச வாயெடுத்து, ஞாயிறு இன்னும் வரவில்லையே என்று விட்டுவிட்டார்கள். பெரிய சேர் இப்போது பேசுவார் என்று ஒவ்வொருவரும் இருந்தோம். பெரிய சேரோ கண்டியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார், செட் அவர் வீட்டு மேசையில் கிடந்தது. ஜோசப் இரண்டாம் தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடியும் அந்த 'டக்', 'டக்'. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. மாவுக் கையோடு செட்டைத் தூக்கி, "ஜோசப், கீழ இறங்காதீங்க. மேல ஸ்டோருக்குப் போங்க. அம்மாவக் கூட்டிக்கிட்டு இப்பவே போங்க" என்றேன். "சரிங்க டீச்சர்" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான்.

அவர்கள் கிளம்புவதற்குள் மலை இறங்கிவிட்டது. அவன் பிழைத்தான். தாய் பிழைக்கவில்லை. செத்த வீட்டுக்கு நானும் உன் அப்பாவும் போனோம். ஜோசப் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, குறை சொல்கிற மாதிரி இல்லை, நடந்ததை நடந்தபடி சொன்னான். "யாரோ இருக்கீங்கன்னு தெரிஞ்சிச்சு டீச்சர். டக்கு டக்குன்னு சத்தம் வந்துச்சு. பதில் வரும்னு நின்னோம். அம்மாதான் சொன்னாங்க, அவங்க பேசறதுக்குள்ள நான் சோத்த வடிச்சிட்டு வந்துடறேன்னு. அடுப்படிக்குப் போனாங்க." எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, "ஒரு சத்தமும் வராம இருந்திருந்தா நாங்க ஓடியிருப்போம் டீச்சர்" என்றான். இதுவரை எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு வரிதான் மழை பெய்கிற நாளெல்லாம் என் காதில் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

மகன், ஆள் இல்லாத வீட்டின் கதவைத் தட்டுகிறவன் கொஞ்சம் பார்த்துவிட்டு வேறு வழி தேடிப் போய்விடுவான். உள்ளே ஆள் நடமாட்டம் கேட்கிற வீட்டின் கதவைத் தட்டியவன்தான் நின்றுகொண்டே இருப்பான். நாங்கள் அவனை நிற்க வைத்தோம்.

கழகத்தின் சார்பில் மலர்வளையம் போனது. அதற்குப் பிறகு நடந்த கூட்டத்தில் ஒருவரும் அந்த 'டக்' சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள், தோட்டத்து நிர்வாகத்தைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் பெரிய சேர் என் பக்கம் திரும்பி, மிகவும் தன்மையாக, "டீச்சர் செய்தத நான் பிழைன்னு சொல்ல வரல்ல. ஆனா ஒரு ஒழுங்கு இருக்குத்தானே. ஆளாளுக்குப் பேசத் தொடங்கினா பழையபடி ஆயிடும்" என்றார். ஜோசப் அடுத்த கிழமை வந்து, புதுச் செட்டைத் துணியில் சுற்றிக் கழகத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு ஒரு ஞாயிறு குறித்திருந்தார்கள், அது வந்து போனது. நான் வீட்டுக்கு வந்து என் செட்டை அலுமாரியில், குளிர்கால உடுப்புகளுக்கு அடியில் தள்ளினேன். ஏன் அம்மா என்று நீ கேட்டாய். பழுதாகிவிட்டது என்றேன். பெரிய சேர் கெட்டவர் இல்லை. நீ படிக்கிற காலத்தில் உனக்கு அவர் செய்த உதவிகளை நான் மறக்கவும் மாட்டேன். கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு இந்தப் பயம் இருக்காது.

நீ வளர்ந்து, அலுமாரியைக் குடைந்து, அந்தச் செட்டைக் கண்டெடுத்து, பழுதில்லை அம்மா, பற்றரிதான் செத்துவிட்டது என்று சிரித்துக்கொண்டு வந்தாய். நீ பரீட்சைக்குப் படித்தபோது நான் தடுக்கவில்லை. உனக்கும் ஒரு ஞாயிறு குறித்தார்கள், பெரிய சேர் உன்னை வரவேற்றார், நீயும் என்னை மாதிரியே கண் கலங்கினாய். அந்தச் சந்தோஷத்தின் மேல் மண்ணைப் போட எனக்கு மனம் வரவில்லை. இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பழைய செட்டை எடுத்துப் போன பிறகு நான் இன்னொன்று வாங்கினேன். என் அனுமதிப்பத்திரத்தையும் விடாமல் புதுப்பித்து வருகிறேன். அது அரிசிப் பெட்டியின் மேல் இருக்கிறது. நீ வருகிற நாட்களில் சுளகை வைத்து மூடிவிடுவேன். கழகத்தை விட்டேனே தவிர, கேட்பதை நான் விடவில்லை. மழை தொடங்கினால் அணைக்கவே மாட்டேன்.

போன கிழமை அந்தப் பெருமழையில், விளக்கு வைக்கிற நேரம், செட்டில் ஒரு பெண்பிள்ளையின் குரல். நீங்கள் இந்த ஞாயிறு வரவேற்கப் போகிறீர்களே, ஹேவாஹெட்டவுக்கு மேலே உள்ள தோட்டத்துத் தர்ஷினி, அவள்தான். மேல் தோட்டங்களில் போன் சிக்னல் கிடைப்பதில்லை, கரண்ட் போனால் சுத்தமாக இல்லை, அங்கே உள்ள பிள்ளைகளுக்குச் செட் வாங்கிக் கொடுத்துக் கழகத்தில் சேர்ப்போம் என்று நீதான் அலைந்து திரிந்து செய்தாய். அது நல்ல காரியம், உன்னைப் பெற்றதற்கு நான் பெருமைப்பட்ட காரியம். அவள் கூப்பிட்டாள். "யாராச்சும் இருக்கீங்களா? லயத்துக்குப் பின்னால கான்ல தண்ணி செம்மண்ணா வருது." ஒரு 'டக்'. இன்னொரு 'டக்'. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும் அதே சத்தம், அதே இரைச்சல், ஆட்கள் மட்டும் வேறு. மூன்றாவது 'டக்' கொஞ்சம் நீண்டது. அதற்குள்ளே டயருக்குக் காற்றடிக்கிற மெஷினின் தடதடப்புக் கேட்டது. பேராதனை ரோட்டில் த்ரீவீல் கராஜுக்கு மேல்மாடியில் குடியிருக்கிற கழகத்தார் ஒருவர்தான் இருக்கிறார். நீ அமுக்கினாய், மகன். பேச நினைத்தாய். பிறகு விரலை எடுத்துவிட்டாய்.

நான் பேசினேன். முதலில் அவள் பயந்துவிட்டாள். "ஐயோ, எனக்கு இன்னும் நாள் வரலங்க, சும்மா ஒருக்கா கேட்டுப் பார்த்தேன்" என்றாள். நாளை விடும்மா, வீட்டைப் பற்றிச் சொல்லு என்றேன். சொன்னாள். வடிகால் கானில் தண்ணீர் கலங்கி வருகிறது. அடுப்படிக் கதவு இரண்டு நாளாகச் சரியாக மூட வரவில்லை, நிலை இறுகிவிட்டது. கோழிக்கூட்டுப் பக்கம் புதிதாக ஓர் ஊற்று. நான் விஞ்ஞானம் படிப்பித்தவள், இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். "எல்லாரும் கோயில் மண்டபத்துக்குப் போங்க, இப்பவே" என்றேன். தகப்பன் தயங்கியிருக்கிறார், பிள்ளை அழுது கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அன்று மலை இறங்கவில்லை. மறுநாள் வெயில் அடித்தது. கிராம சேவகருக்குச் சொன்னேன், வந்து பார்க்கிறோம் என்றார். அதற்குள் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

இனி உனக்கான புத்தி. தலைவர் என்பவர் முதலில் பேச வேண்டியவர் இல்லை. தான் இல்லாதபோதும் யாராவது பேசுவார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டியவர். புது ஆள் கூப்பிட்டால், யார் காதில் முதலில் விழுகிறதோ அவர் பதில் சொல்லட்டும். அது நேற்றுச் சேர்ந்த ஆளாக இருந்தாலும் சரி. இரண்டு பேர் சேர்ந்து பேசிக் குழம்பினால் குழம்பட்டும். குழம்பிய பேச்சால் ஒரு தையல்காரர்தான் நம்மை விட்டுப் போனார். குத்துவிளக்கு, மாலை, பேச்சு, தேத்தண்ணி எல்லாவற்றையும் ஞாயிறு வைத்துக்கொள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கூப்பிட்டால் நானும் சேலை உடுத்திக்கொண்டு வருவேன். ஆனால் வரவேற்பு அன்றைக்குத் தொடங்குவதாக நினைக்காதே. அந்தப் பிள்ளை செட்டை வாங்கிக் கையில் பிடித்த நிமிஷத்திலிருந்து அவள் உங்கள் ஆள்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் தர்ஷினி எனக்குப் போன் எடுத்தாள், சிக்னல் கிடைக்கிற இடம் தேடி ஹேவாஹெட்ட பஜாருக்கு நடந்து வந்து. என் நம்பரை அன்று செட்டில் கொடுத்திருந்தேன். நன்றி சொல்லத்தான் எடுத்தாளாம். குரலில் ஒரே உற்சாகம். "தலைவர் வாட்சப்புல பேசி அனுப்பியிருந்தாரு டீச்சர். கோவிச்சுக்கல, நல்ல மாதிரிதான் சொன்னாரு. தங்கச்சி, ஞாயித்துக்கிழம வரைக்கும் செட்டுல வராதீங்க, அன்னைக்கு முறையா, சிறப்பா செய்வோம்னாரு. நான் புதுச் சேலகூட எடுத்துட்டேன். தப்பித் தவறி கை பட்டுடும்னு செட்ட ஆஃப் பண்ணி, பற்றரியக் கழட்டி டின்னுல போட்டு வச்சிட்டேன்." பற்றரியைப் போடு, செட்டைத் திறந்தே வை என்று நான் எவ்வளவோ சொன்னேன். "பரவால்ல டீச்சர், தலைவர் சொல்லிட்டாருதானே" என்றாள். தலைவர் என்று அவள் சொன்னபோது அதில் எவ்வளவு மரியாதை இருந்தது தெரியுமா? பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவ்வளவையும் முந்தாநாள் எழுதி, ஞாயிறன்று உன் கையில் கொடுக்கலாம் என்று மடித்து வைத்திருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. மத்தியானத்திலிருந்து மழை. பாலத்துக்குக் கீழே ஆறு காலையில் இருந்த நிறத்தில் இப்போது இல்லை. செட்டில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்தத் தடவை ஒரு 'டக்' கூட இல்லை. அவள் போனுக்கும் அழைப்புப் போகவில்லை. கிராம சேவகர் வேறொரு தோட்டத்தில் ஆட்களை இறக்கிக்கொண்டிருக்கிறார், அந்தப் பக்கம் போக நேரமாகும் என்கிறார். உன் போன் அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. ஞாயிறு விழா ஏற்பாட்டில் இருப்பாய். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த துஷாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் காட்டு, அவன் எழும்பும்வரை அந்த இடத்தை விட்டு நகராதே என்று சொல்லியிருக்கிறேன். "மாமி, நான் அவரை விடமாட்டன்" என்றாள்.

ஆகவே ஞாயிறு வரை வைத்திருக்காதே, யாருக்கும் வாசித்துக் காட்டாதே, மேலே எழுதியதையெல்லாம் பிறகு படித்துக்கொள். கலஹா ரோட்டில் மண் விழுந்திருப்பதாகச் சொல்கிறார்கள், தலாத்துஓயாப் பக்கமாகப் போ. உன்னோடு இரண்டு பேரைக் கூட்டிக்கொள். நான் பெற்ற ஒரே பிள்ளையை எந்த மலைக்கு, எந்த மழையில் அனுப்புகிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்போது போக வேறு ஆள் இல்லை, காற்றில் யார் கூப்பிட்டாலும் அந்தப் பிள்ளை செட்டைத் திறக்க மாட்டாள். நீ சொன்னதற்காக வாயை மூடிக்கொண்டு, புதுச் சேலையை மடித்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறாள். அவளை இனிக் காற்றில் கூப்பிட முடியாது. வாசலில் போய் நின்றுதான் கூப்பிட வேண்டும். வண்டியை எடு, மகன்.

அம்மா